118 காட்டிய ரிலே: ஒரு தேயிலை பெக்டரியின் மூன்று மழை இரவுகள்

ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை, ஹட்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றின் எலக்ட்ரீஷியன் அண்ணன் கோல் எடுத்தார். "தம்பி, மேல்மாடி பெனல் கருகிப்போய்க் கெடக்கு. ஆனா அதோட பிரேக்கர் விழல்ல. மெயின் விழுந்து மொத்த பெக்டரியும் இருட்டாப் போச்சு. இது மூணாவது தடவ."

அவர் சொன்னதிலேயே கேஸ் முழுவதும் இருந்தது. எங்கே பழுதோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கர்தான் முதலில் விழ வேண்டும், கரண்ட் வரும் வழியில் அதற்கு முன்னால் உள்ளது காத்திருக்க வேண்டும். ஓவர் கரண்ட் பாதுகாப்பில் மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குப் பிறகுதான். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது, அதுவும் மூன்று முறை. "ரிலே பழுது, புதுசு போடணும்" என்று அங்கே முடிவே எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, கரண்டை அளந்து பிரேக்கரை விழச் சொல்லும் அந்த ரிலேயில் ஒரு குறையும் இல்லை. அதை வேலைக்கு வைத்தவர்கள் கொடுத்த கணக்கில் ஒரு வரி தப்பு, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் போனது, அதில் அரை நாள் என் சொந்த மடத்தனம்.

முதலில் பெக்டரியைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பின்னேரம் வந்து சேரும், மேல்மாடியில் வாட்டும் தொட்டிகளில் பரப்பி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு விசிறி என்று ராத்திரி முழுக்கக் காற்று விடுவார்கள். விடிய முன்னமே ரோலர் தொடங்கும், அப்புறம் தூள் புளிக்கும், அப்புறம் டிரையர். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கரண்ட் போனாலும் வலிக்கும், ஆனால் மொத்தமாகப் போனால் வலி வேறு மாதிரி. புளிக்கப் போட்ட தூள் நமக்காகக் காத்திருக்காது. டிரையர் விசிறி நின்றால் அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே தட்டில் இருக்கும் தேயிலை தீயும், ஆட்கள் ஓடிப்போய் நெருப்பை வெளியே இழுக்க வேண்டும். மேல்மாடி மட்டும் போயிருந்தால் கொழுந்து ஒரு மணித்தியாலம் காற்றில்லாமல் கிடக்கும், டீமேக்கர் ஐயா முகம் சுருங்கும், அதோடு முடிந்தது.

முதல் இரவு மெயின் விழுந்தபோது பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போட்டார்கள், பிடித்துக்கொண்டது. காரணம்? குரங்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதற்குப் பிறகு, எங்கள் பக்கம் எந்தக் கரண்ட் போனாலும் முதல் சந்தேகம் அந்த இனத்தின்மேல்தான். இரண்டாவது இரவு "லோட் கூடிப்போச்சு" என்றார்கள். அதுவும் திரும்பப் போட்டதும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது இரவு பிடிக்கவில்லை. ஜெனரேட்டரைத் தட்டினார்கள். மேல்மாடி ஃபீடரின், அதாவது மேல்மாடிக்குக் கரண்ட் போகும் வழியின், பிரேக்கர் விழாமல் கரண்டை விட்டபடியே இருந்ததால், எல்லா வழிக்கும் கரண்ட் பிரியும் பஸ்பாரை ஜெனரேட்டர் தொட்டதும் பழுதையும் சேர்த்தே தொட்டது, ஒரு முனகலோடு அதுவும் நின்றது. அப்போதுதான் யாரோ மேலே ஏறிப்போய்ப் புகை நாற்றத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

மூன்று இரவும் பேய்மழை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் நாட்டுக்கு வெளிச்சம், அதே மழையில் எங்கள் பெக்டரிக்கு இருட்டு.

சுவிட்ச் அறையில் இருந்தது

630 கேவிஏ ட்ரான்ஸ்ஃபோமர், இந்தப் பக்கம் 400 வோல்ட். கணக்குப் போட்டால் முழுச் சுமை 909 ஆம்பியர். கரண்ட் உள்ளே வரும் மெயின் இன்கமரில் ஒரு ஏர் சர்க்கிட் பிரேக்கர், 1000/5 சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபோமர்), ஒரு டிஜிட்டல் ஓவர் கரண்ட் ரிலே. மேல்மாடிக்குப் போகும் ஃபீடரிலும் தனியாகப் பிரேக்கர், சிடி, அதே ரகத்தில் இன்னொரு ரிலே. இப்போது வரும் பிரேக்கர்களில் இந்த மூளை உள்ளேயே இருக்கும், இந்தப் போர்டில் வெளியே தனியாக, கதவில் பதித்திருந்தார்கள். எனக்கு அது வசதி, பட்டனைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம்.

இந்த ரிலேக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெரிய கரண்ட் நேராக ரிலேக்குள் போகாது. கேபிளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சிடி அதைச் சிறிதாக்கிக் கொடுக்கும், 400/5 என்றால் கேபிளில் 400 ஆம்பியர் ஓடும்போது ரிலேக்கு 5 ஆம்பியர். ரிலே அதை இன்னும் சிறிதாக்கி, வடிகட்டி, நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்றை, அதாவது 20 மில்லிசெக்கனை, 16 அல்லது 32 என்று துண்டு போட்டு எண்களாக மாற்றும். அந்த எண்களிலிருந்து 50 ஹேர்ட்ஸ் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அளவு காணும். ஷோர்ட் தொடங்கும்போது அலை ஒரு பக்கம் சாய்ந்து வரும், அதைப் பார்த்து ரிலே ஏமாறாமல் இருக்க இந்த வடிகட்டல் வேண்டும். இவ்வளவும் ஒவ்வொரு சுற்றுக்கும் பல தடவை நடக்கிறது. அளவு எல்லையைத் தாண்டினால் 'பிக்கப்', அந்த நிமிஷத்திலிருந்து ரிலே எண்ணத் தொடங்கும். எண்ணி முடித்தால் ஒரு சின்னத் தொடுப்பு மூடி, பிரேக்கரின் ட்ரிப் கொயிலுக்குக் கரண்ட் போய், பிரேக்கர் விழும்.

எவ்வளவு நேரம் எண்ணும் என்பதுதான் விஷயம். பழைய ரிலேக்களில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும், கரண்ட் கூடக்கூட வேகமாகச் சுற்றி முள்ளைப் போய்த் தொடும். டிஜிட்டல் ரிலே அந்தத் தட்டின் குணத்தையே சமன்பாடாக வைத்திருக்கிறது. ஐ.ஈ.சி. 60255 தரத்தில் 'ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ்' வளைவு என்றால், கரண்ட் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கை 0.02 அடுக்குக்கு ஏற்றி, ஒன்றைக் கழித்து, 0.14ஐ அதால் வகுத்து, டி.எம்.எஸ். என்ற எண்ணால் பெருக்க வேண்டும். டி.எம்.எஸ். என்பது பொறுமையின் அளவு. அது 0.1 என்றால், எல்லையைப் போல இரண்டு மடங்கு கரண்டுக்கு 1 செக்கன் பொறுக்கும், பத்து மடங்குக்கு 0.3 செக்கன். இதைத் தவிர 'உடனடி' என்று இன்னொரு எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வளைவும் கிடையாது, பொறுமையும் கிடையாது, தட்டிவிடும்.

இரண்டு ரிலேக்கள் கரண்ட் வழியில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும்போது, பின்னால் உள்ளது (இங்கே மேல்மாடி) விழுந்து கரண்ட் அறுபடும் வரை முன்னால் உள்ளது (இங்கே மெயின்) பொறுத்திருக்க வேண்டும். பொதுவாக 0.3 இலிருந்து 0.4 செக்கன் இடைவெளி வைப்பது வழக்கம்: பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, கொஞ்சம் கையிருப்பு.

சரி, செட்டிங்கைப் பார்ப்போம் என்று இரண்டையும் எழுதி எடுத்தேன். மெயின்: பிக்கப் 900 ஆம்பியர், டி.எம்.எஸ். 0.15, உடனடி எல்லையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சரியான வேலை. மேல்மாடி: பிக்கப் 320, டி.எம்.எஸ். 0.2, உடனடி 3200 ஆம்பியர். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேல்மாடி பெனலில் நல்ல ஷோர்ட் ஒன்று விழுந்தால் 3200ஐத் தாண்டத்தானே வேண்டும், தாண்டினால் ஃபீடர் கண்மூடித் திறக்கும் முன் விழும், மெயின் எண்ணத் தொடங்கி நிறுத்திவிடும். டி.எம்.எஸ். 0.2 கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அது மட்டும் இப்படிச் செய்யாது. ஆக, பேப்பரில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் அரை நாள் போனது. செட்டிங் சரி, பிரேக்கர் விழவில்லை, அப்படியானால் ட்ரிப் கொயில் அல்லது அதற்கான பற்றரி என்று முடிவுகட்டி, கொயிலைக் கழற்றி, தடை அளந்து, வயர் வயராகப் பின்தொடர்ந்து, கடைசியில் ரிலேயிலிருந்தே ட்ரிப் கொடுத்துப் பார்த்தேன். டப்பென்று விழுந்தது. ஐந்து தடவை கொடுத்தேன், ஐந்து தடவையும் விழுந்தது. அண்ணன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அது நல்லாத்தான் இருக்குன்னு நான் சொன்னேனே" என்றார். சொல்லத்தான் செய்தார்.

ரிலே எழுதி வைத்திருந்தது

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்புறம் செய்தேன். டிஜிட்டல் ரிலேயின் பெரிய லாபம் அதன் ஞாபகம். பழைய தட்டு ரிலே ஒரு சின்னக் கொடியைக் கீழே போடும், அவ்வளவுதான் அதன் வாக்குமூலம். இது எந்தப் பேஸ், எத்தனை ஆம்பியர், எத்தனை மில்லிசெக்கன், பிக்கப் எப்போது, ட்ரிப் எப்போது என்று வரிசையாக எழுதி வைக்கும். மூன்று இரவில் ஒருவர்கூட இதைத் திறந்து பார்க்கவில்லை, சிவப்பு விளக்கை அணைக்க ரீசெட்டை அழுத்தியதோடு சரி.

மெயினில் மூன்றாவது இரவின் பதிவு: ஆர் பேஸுக்கும் வை பேஸுக்கும் இடையே ஷோர்ட், 4860 ஆம்பியர், 0.61 செக்கனில் ட்ரிப். மேல்மாடி ரிலேயில் ட்ரிப் என்று ஒன்றுமே இல்லை. ஆனால் பிக்கப் இருந்தது. அது தூங்கவில்லை! மூன்று இரவும் விழித்திருக்கிறது, எண்ணத் தொடங்கியிருக்கிறது, எண்ணி முடிப்பதற்குள் மெயின் விழுந்து கரண்டே இல்லாமல் போக, எண்ணுவதை விட்டிருக்கிறது.

ஒரு சிக்கல் என்னவென்றால் மேல்மாடி ரிலேயின் கடிகாரம் 2000 ஜனவரியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி செத்துப்போனால், ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் இவை பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். ஆகவே எந்தப் பிக்கப் எந்த இரவினுடையது என்று நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீளத்தை வைத்துப் பொருத்தினேன். மெயின் 0.61 செக்கனில் ட்ரிப் கொடுத்தது, பிரேக்கர் திறந்து தீப்பொறி அணைய இன்னும் 0.06 என்று வையுங்கள், மொத்தம் 0.67. மேல்மாடி ரிலேயின் கடைசிப் பிக்கப் நீளம் 0.67. பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கரண்ட் எண்ணைப் பார்த்தேன்: 2250.

கீழே மெயின் 4860 கண்டிருக்கிறது. அந்த நேரம் மற்றப் பகுதிகளுக்குப் போன சுமை ஒரு முந்நூறு, நானூறு ஆம்பியர் இருக்கும். அதைக் கழித்தால் மேல்மாடிக் கேபிளில் ஓடியது 4500க்குக் கிட்ட. கரண்டுகளை இப்படி நேராகக் கழிக்கக் கூடாது, கோணம் இருக்கிறது, தெரியும். ஆனால் எந்தக் கோணத்தில் கழித்தாலும் 2250 வராது. 2250 என்பது 4500இன் சரி பாதி.

"அண்ணே, மேல எத்தன ஃபேன் ஓடுது?"

பெனலைத் தற்காலிகமாகச் சரிசெய்து விசிறிகளைப் போட்டிருந்தார்கள். "பதினாறும் ஓடுது."

மேல்மாடி ரிலேயின் முகப்பில் 118 ஆம்பியர். ஒவ்வொன்றும் 10 குதிரை வலு மோட்டர், முழுச் சுமையில் 15 ஆம்பியர் எடுக்கும். 118ஐப் பதினாறால் வகுத்தால் ஏழு சொச்சம். காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும் விசிறி இவ்வளவு குறைவாக எடுக்காதே. பையிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுத்துக் கேபிளில் மாட்டினேன். 236.

அண்ணன் மீட்டரைப் பார்த்தார், ரிலேயைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். "இது எப்பவுமே இப்பிடித்தான் காட்டும் தம்பி. கொறவாத்தானே காட்டுது, நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்."

ரிலேயின் உள் மெனுவில், செட்டிங் பக்கத்தில் இல்லாமல் வேறொரு கடவுச்சொல்லுக்குப் பின்னால், சிடி விகிதம் என்று ஒரு வரி. 200/5. கேபிளில் மாட்டியிருந்த சிடியின் தகட்டை டோர்ச் அடித்துப் பார்த்தேன். 400/5.

எப்படி வந்தது

யாரையும் திட்ட முடியாத கதை இது. கூடினால் ஒருவரைத் திட்டலாம்.

முதலில் மேல்மாடியில் எட்டு விசிறிதான். சுமை 120 ஆம்பியர், சிடி 200/5, பிக்கப் 160, டி.எம்.எஸ். 0.1, உடனடி 1600. எல்லாம் நேரடி ஸ்டார்ட்டர், ஒவ்வொன்றாகப் போடுவார்கள். கடைசி விசிறியைப் போடும்போது மட்டும் சில நாள் ஃபீடர் விழும். ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும்: ஏழு ஓடிக்கொண்டிருந்தால் 105 ஆம்பியர், எட்டாவது கிளம்பும்போது ஆறு மடங்கு எடுத்தால் 90, கூட்டினால் 195. எல்லையைப் போல 1.22 மடங்கு. வளைவின்படி சுமார் மூன்றரை செக்கன் பொறுக்கும், விசிறியோ வேகம் பிடிக்க ஐந்து செக்கன் எடுக்கும். அப்போதிருந்த எலக்ட்ரீஷியன் டி.எம்.எஸ்.ஸை 0.2 ஆக்கினார், பொறுமை ஏழு செக்கன் ஆனது, தொல்லை போனது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், என்ன, ஒரு கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பேன்.

பிறகு தொட்டிகளைப் பதினாறாக்கினார்கள். வேலையை எடுத்த வெளி ஆட்கள் கேபிளை மாற்றி, பிரேக்கரை மாற்றி, சிடியை 400/5 ஆக்கி, பிக்கப்பை 320க்கும் உடனடியை 3200க்கும் இரட்டிப்பாக்கினார்கள். விகிதத்தை மறந்தார்கள். டி.எம்.எஸ். 0.2 ஏன் இருக்கிறது என்று கேட்க ஆளில்லை, அதை அப்படியே விட்டார்கள்.

இப்போது ஒரு நுணுக்கம், இந்த வேலை செய்பவர்கள் கவனமாகப் படியுங்கள். சில ரிலேக்களில் பிக்கப்பைச் சிடியின் அளவில் மடங்காகக் கொடுப்போம், 0.8 என்பது போல. அவற்றில் விகித வரி தப்பாக இருந்தால் முகப்பில் காட்டும் எண்தான் பிழைக்கும், பாதுகாப்பு கெடாது, ஏனென்றால் ரிலே ஒப்பிடுவது தனக்குள் வரும் சின்ன ஆம்பியரை. இந்தப் பெக்டரியில் இருந்த ரகம் அப்படியில்லை. கேபிள் ஆம்பியரையே நேரடியாகக் கேட்டு வாங்கும், உள்ளே தானே வகுத்துக்கொள்ளும். 320 என்று கொடுத்ததும் அது 200/5 விகிதத்தில் வகுத்து, 8 ஆம்பியர் வந்தால் எழும்பு என்று குறித்துக்கொண்டது. 400/5 சிடியிலிருந்து 8 ஆம்பியர் வர வேண்டுமென்றால் கேபிளில் 640 ஓட வேண்டும். உடனடி 3200 என்பது உண்மையில் 6400. ஆக பேப்பரில் எல்லாம் சரி, திரையில் எல்லாம் சரி, கேபிளில் எல்லாம் இரட்டிப்பு.

மூன்றாவது இரவை இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். உண்மைக் கரண்ட் 4500, ரிலே கண்டது 2250, உடனடி எல்லையான 3200ஐ எட்டவில்லை, வளைவில் விழுந்தது. 2250ஐ 320ஆல் வகுத்தால் ஏழு மடங்கு, டி.எம்.எஸ். 0.2க்கு 0.70 செக்கன். மெயின் 4860ஐச் சரியாகக் கண்டது, 900ஆல் வகுத்தால் 5.4 மடங்கு, டி.எம்.எஸ். 0.15க்கு 0.61 செக்கன். மேல்மாடி ரிலே 0.67இல் எண்ணுவதை விட்டது. 30 மில்லிசெக்கன் கிடைத்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும், அதாவது கரண்ட் அலை ஒன்றரைச் சுற்று. விகிதம் சரியாக இருந்திருந்தால் 4500ஐ 4500 என்றே கண்டு, ட்ரான்ஸ்ஃபோமர் முனகும் முன்னமே மேல்மாடியை மட்டும் அறுத்துவிட்டிருக்கும்.

முதல் இரவின் பதிவும் இதையே சொன்னது. மெயின் கண்டது 2880, 0.89 செக்கனில் ட்ரிப். மேல்மாடி ரிலே 1250 என்று கண்டு, 1.01 செக்கன் எண்ண வேண்டியதில் 0.95இல் விட்டது. டி.எம்.எஸ். பழைய 0.1ஆக இருந்திருந்தால் பாதிக் கண்ணோடும் இது தப்பியிருக்கும், பாதி நேரம்தானே. ஒரு காலத்தில் சரியாகச் செய்த திருத்தமும், பின்னால் வந்த மறதியும் ஒன்றுமேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.

விரிவாக்கம் முடிந்ததும் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள், அறிக்கை கோப்பில் இருந்தது, எல்லா வரியிலும் சரி அடையாளம். எனக்கு இந்தக் கேஸில் மிகப் பிடித்த இடம் இதுதான். செகண்டரி இன்ஜெக்ஷன் செய்திருக்கிறார்கள். சிடியைத் துண்டித்துவிட்டு, ரிலேயின் முனைகளுக்கு ஒரு பெட்டியிலிருந்து கரண்ட் விட்டு, எத்தனை செக்கனில் விழுகிறது என்று அளப்பது. 20 ஆம்பியர் விட்டிருக்கிறார்கள். ரிலே திரையில் 800 என்று காட்டியிருக்கிறது, சோதித்தவர் 320ஆல் வகுத்து 2.5 மடங்கு, டி.எம்.எஸ். 0.2, வர வேண்டியது 1.51 செக்கன் என்று எழுதி, வந்ததும் அதுவே என்று சரி போட்டிருக்கிறார். ரிலே சொன்ன எண்ணை வைத்தே ரிலேயைச் சோதித்தால் அது தோற்குமா? சிடி அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. 20 ஆம்பியர் என்றால் இந்தச் சிடியில் 1600 அல்லவா என்று ஒருவர் தகட்டைப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதைவிட்டால், விசிறிகளை ஓடவிட்டுக் கிளாம்ப் மீட்டரை ஒரு தடவை மாட்டியிருந்தாலும் போதும்.

செய்தது

பழுதின் மூலம் சின்னது. மேல்மாடித் தகரக் கூரையில் ஒரு ஆணி ஓட்டை, அதிலிருந்து வழிந்த தண்ணீர் கேபிள் வழியே ஊர்ந்து, பெனலின் தலையில் இருந்த துவாரத்தால் உள்ளே இறங்கியிருக்கிறது. கேபிளை மேலிருந்து நேராகச் செருகியிருந்தார்கள். வாட்டும் மாடியில் கொழுந்திலிருந்து வரும் ஈரம் வேறு, பஸ்பாரில் தேயிலைப் பஞ்சு படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. முதல் இரண்டு தடவையும் தீப்பொறியே ஈரத்தைக் காயவைத்துவிட்டது, அதனால்தான் திரும்பப் போட்டதும் பிடித்தது. பெனலைத் திறக்காமல் போட்டதால் மூன்றாவது தடவை செம்பு உருகும் வரை போனது. மெயின் போர்டில் நேராக ஷோர்ட் விழுந்தால் இந்த ட்ரான்ஸ்ஃபோமர் 19,000 ஆம்பியர் வரை தள்ளும். மேல்மாடியில் கேபிள் நீளமும் தீப்பொறியின் தடையும் சேர்ந்து 4500க்கு இறக்கியது அதிர்ஷ்டம். இரண்டாவது தடவை பிரேக்கரைப் போட்டபோது அந்தப் பெனலுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

கேபிளைக் கீழிருந்து ஏற்றினோம், பெனலுக்கு முன்னே ஒரு வளைவு தொங்கவிட்டுத் தண்ணீர் அங்கேயே சொட்டும்படி செய்தோம், ஓட்டையை அடைத்தார்கள். ரிலேயில் விகிதம் 400/5, பிக்கப் 320 அப்படியே, டி.எம்.எஸ். 0.1, உடனடி 3200. இப்போது பதினைந்து ஓடும்போது கடைசி விசிறியைப் போட்டால் 225உம் 90உம் 315தான், பிக்கப்பையே தொடாது, ஆகவே 0.2 என்ற பொறுமைக்கு வேலை இல்லை. 3200க்குச் சற்றுக் கீழே, உடனடி பிடிக்காத இடத்தில் ஷோர்ட் விழுந்தாலும் மேல்மாடி 0.3 செக்கனில் விழும், மெயின் 0.75க்கு மேல் பொறுக்கும், நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் பதினாறையும் ஒரே நேரத்தில் தட்டினால் ஃபீடர் விழும், விழத்தான் வேண்டும், அதை டீமேக்கர் ஐயாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சிடியில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், சிடியின் முனையை ஒருபோதும் திறந்து விடக்கூடாது, சுமை ஓடும்போது திறந்தால் அங்கே ஆபத்தான வோல்ட்டேஜ் ஏறும். முனைகளைக் குறுக்கே இணைத்துவிட்டுத்தான் ரிலேயைப் பிரித்தேன். மறுபடி 20 ஆம்பியர் விட்டேன். திரையில் 1600, ஐந்து மடங்கு, வர வேண்டியது 0.43, வந்தது 0.43. இந்த முறை தகட்டையும் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தேன். கடிகாரத்தின் பற்றரிக்கு நானூறு ரூபாய்கூட ஆகவில்லை.

புது ரிலே வாங்க எடுத்து வைத்த விலைமனு மேசையிலேயே கிடந்தது, அலுவலகத்தில் அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை.

ஓகஸ்ட் மழையில் ஒரு ராத்திரி மூன்று மணிக்குக் கோல் வந்தது. தூக்கத்தில் எடுத்தேன். பின்னால் ரோலர் சத்தம் கேட்டது.

"தம்பி, மேல்மாடி போயிருச்சு. ஒரு மோட்டர் வயரை எலி கடிச்சிருக்கு போல, அந்த ஸ்டார்ட்டர் பிரேக்கரும் ஒட்டிக்கிட்டு விழல்ல. ஃபீடர் விழுந்திச்சு. நா இன்னும் போடல்ல, மொதல்ல ரிலேய வாசிக்கிறேன், நீ எழுதிக்க. பீ பேஸ், மூவாயிரத்தி அறுநூத்தி..."

"அண்ணே, ஒரு நிமிஷம், பேனா எடுக்கிறேன்."